வெள்ளம் வற்றிய வளவில் தோட்டம்: இப்போது கொத்தலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா?

பின்வளவு | 9 ஜனவரி 2025

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்பு (எங்கள் ஊர் நில அளவு) அளவில் வளவு. அம்மா இருந்த காலத்தில் அதில் கத்தரி, வெண்டி, பயிற்றை, கீரை என்று எப்போதும் ஏதாவது நிற்கும். நான் இருபத்திரண்டு வருடம் கொழும்பில் வங்கி வேலை பார்த்துவிட்டுப் போன சித்திரையில்தான் ஊரோடு வந்து சேர்ந்தேன். தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா தொலைபேசியில் சொன்னது. அதையும் பாதி காதால்தான் கேட்டிருக்கிறேன்.

மாரி முடியட்டும், பிறகு தொடங்கலாம் என்று இருந்தேன். மாரி எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நவம்பர் கடைசியில் அந்தத் தாழமுக்கம், ஃபெங்கல் என்று பெயர் வாங்க முந்தியே எங்களை அடித்துவிட்டுப் போய்விட்டது. வழுக்கியாறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கோடையில் அதைக் காட்டி ஆறு என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். அந்தக் கிழமை யாரும் சிரிக்கவில்லை. பின்வளவில் ஐந்து நாள் முழங்கால் அளவு தண்ணீர். கிணறு நிரம்பி, கிணற்றுக் கட்டின் மேல் இருந்தபடி கையால் தண்ணீர் அள்ளலாம் என்ற நிலை. இரண்டு பப்பாசியும் நின்றபடியே அழுகின. முருங்கை இலை கொட்டி இப்போது வெறும் தடி. வாழையும் கறிவேப்பிலையும் தப்பிவிட்டன. கிணற்றடி வல்லாரைக்கு மட்டும் கொண்டாட்டம், பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கிறது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். டிசம்பர் நடுவில் நாலு நாள் வெயில் எறித்தது. உடனே ஓர் ஆளைப் பிடித்துக் கொத்துவித்தேன். மண் மண்வெட்டியை விட்டுக் கழலவே இல்லை, அந்த மனிதர் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தடியால் வழித்துக்கொண்டு நின்றார். "அக்கா, இது களி, இப்ப கொத்தக் கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். கூலி பேசியாகிவிட்டது, கொத்துங்கள் என்றேன். அந்த மண் இப்போது காய்ந்து செங்கல் மாதிரிக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. காலில் இடித்தால் நோகிறது.

அதே நேரம் யோகட் கோப்பைகளில் நாற்பது தக்காளி விதை போட்டேன். முப்பத்தொன்று முளைத்தது. இன்றைக்கு மிச்சம் நாலு. தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் யாரோ நூலால் இறுக்கிக் கட்டியது போல மெலிந்து, காலையில் பார்த்தால் சாய்ந்து கிடக்கும். வெண்டி விதை ஒரு பக்கெற் வாங்கினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகுதான் பக்கெற்றைத் திருப்பிப் பார்த்தேன், அது காலாவதியான விதை. கடைக்காரரிடம் கேட்டதற்கு "ஈரம் கூடிப்போச்சு" என்றார்.

ஒரே ஒரு சந்தோசம். வேலி ஓரத்தில், வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலில், கரட் கன்றுகள் தானாக வந்திருக்கின்றன. அம்மா எப்போதோ போட்ட விதையாக இருக்கலாம். அதற்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

என் கேள்விகள்: பொங்கலோடு நடத் தொடங்கலாமா? இந்தக் கட்டிகளை என்ன செய்வது? எல்லாரும் பாத்தியை உயர்த்திக் கட்டச் சொல்கிறார்கள், எவ்வளவு உயரம்? வல்லாரையைப் பிடுங்கிச் சம்பல் போடலாமா?

---

கரவெட்டிப் பொடியன் | 9 ஜனவரி 2025

அக்கா, எங்கள் பக்கம் மணல். மழை விட்டு ஒரு கிழமையில் வெண்டியும் கீரையும் போட்டுவிட்டேன், இப்போது கீரை பிடுங்கிச் சாப்பிடுகிறோம். என்ன பொறுக்கக் கிடக்கு? ஒன்று மட்டும், அவ்வளவு மழையில் மண்ணில் இருந்த சத்தெல்லாம் கழுவுப்பட்டுப் போய்விடும். எரு தாராளமாகப் போடுங்கள். முருங்கையைப் பற்றிக் கவலை வேண்டாம், யாரிடமாவது கை மொத்தத்தில் ஒரு தடி வாங்கி ஊன்றிவிடுங்கள்.

---

உரும்பிராய்க் கிழவன் | 10 ஜனவரி 2025

பிள்ளை, முதலில் அந்தக் கரட்டைப் பற்றிக் கதைப்போம். ஓர் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள். கரட் மணம் வராது. நான் இங்கே இருந்துகொண்டே சொல்கிறேன், அது பார்த்தீனியம். இலை அச்சொட்டாகக் கரட் மாதிரித்தான் இருக்கும், இன்னும் கொஞ்ச நாளில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூ வரும். பூக்க முந்தி வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விதை விழும், பிறகு உங்கள் பேரப்பிள்ளைகளும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். வெறும் கையால் தொட வேண்டாம், கையுறை இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிலருக்குத் தோல் கடித்துத் தடிக்கும், எனக்கு மூக்கும் ஓடும். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றின ஆளை நான் இப்போதுதான் காண்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

கரவெட்டித் தம்பி சொல்வது அவருடைய மண்ணுக்குச் சரி. மணலில் தண்ணீர் நிற்காது. எங்கள் உரும்பிராய்ச் செம்மண்ணும் கெதியாக வடியும், கீழே சுண்ணக்கல், அதில் வெடிப்பும் ஓட்டையும். சண்டிலிப்பாயில், அதுவும் வழுக்கியாற்றுப் பக்கம், வயல் மண்ணின் சாயல் கிடக்கும். மேலே வரண்டு வெடித்திருக்கும், நாலு விரல் கீழே இன்னும் களி. நாள்காட்டி பார்த்து நட வேண்டாம். பொங்கலுக்குப் பொங்குங்கள், அவ்வளவுதான்.

என்ன பார்க்க வேண்டும் என்றால், முதலில் கிணற்றைப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் கை எட்டும் உயரத்தில் நிற்கும்வரை உங்கள் வளவின் அடிமண்ணும் அதே தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. கிணற்றுக்குள்ளே கட்டுக் கல்லில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு விடியற்காலையில் அளவு பாருங்கள். நிலமட்டத்திலிருந்து ஒரு மீற்றராவது இறங்கட்டும். பிறகு ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி விரல் அடையாளத்தோடு பளபளத்தால் விட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள். பிடித்த பிடி நின்று, இடுப்பளவு உயரத்திலிருந்து போட உதிர்ந்தால் அதுதான் பதம். அந்தப் பதம் உங்கள் பக்க மண்ணில் ஐந்தாறு நாள்தான் இருக்கும், பிறகு கல்லாகிவிடும். அதனால் அந்தக் கிழமை வேறு அலுவல் வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே கட்டியாகிப் போனதைக் காய்ந்தபடி அடித்து உடைக்கப் போகாதீர்கள், மண்வெட்டிப் பிடிதான் உடையும். பொழுதுபட ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டு, விடிய மண்வெட்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். புட்டு மாவு மாதிரி உதிரும். ஒரே நாளில் இரண்டு பரப்பையும் செய்ய நினைக்க வேண்டாம். இந்த முறை கால் பரப்புப் போதும்.

காத்திருக்கும் நாட்களில் குழை தாழுங்கள். உங்கள் வேலியில் பூவரசோ சீமைக்கிளுவையோ நிற்கும்தானே? நின்றால் கொப்பு வெட்டி, இலையை உருவி, ஒரு முழ அகலச் சாலில் போட்டு மிதித்து, கொஞ்சம் மாட்டெருவோடு மண்ணைப் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று கிழமை உக்க விடுங்கள். பச்சையாகக் கிடக்கும்போதே கன்று வைத்தால் சூட்டில் வேர் வெந்துபோகும். எங்கள் அப்புவுக்குத் தீவுப் பக்கத்திலிருந்து வள்ளத்திலும் வண்டிலிலும் குழை வந்தது. அது புகையிலைக் காலம். இன்றைக்கு வேலியை மதிலாக்கிவிட்டுக் குழைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள், அது வேறு கதை.

இப்போது பாத்தி. உயர்த்திக் கட்டச் சொல்கிறவர்கள் நடந்த மழையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் பயிர் செய்யப் போவது வரப்போகிற வெயிலில். மாசி பிறந்தால் மழையை மறந்துவிட வேண்டியதுதான், பிறகு ஐப்பசிவரைக்கும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் சீவியம். உயர்ந்த பாத்தியில் இறைத்த தண்ணீர் ஓடிப்போய் வாய்க்காலில் நிற்கும், கன்று வாடும். அதனால் பாத்தி நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, நாலு பக்கமும் நாலு விரல் உயர வரம்பு. தண்ணீரைத் திருப்பி விடும்போது பாத்தி நிரம்பி நின்று ஊறும். தையில் ஒரு மழை, இரண்டு மழை வரத்தான் செய்யும். வந்தால் வரம்பை ஒரு மூலையில் வெட்டிவிடுங்கள், விட்டதும் கட்டுங்கள். மேட்டுப் பாத்தி நாற்றுக்கு மட்டும்.

நாற்று சாய்ந்தது ஈரத்தால் வந்த பூஞ்சணம். கோப்பையின் அடியில் ஓட்டை போட்டீர்களா? வளவு மண்ணையே போட்டீர்களா? வெள்ளம் நின்ற மண் நாற்றுக்கு உதவாது. மணலும் நன்றாக உக்கிய எருவும் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்து, பிறகு போடுங்கள். விதையை நெருக்கிப் போட வேண்டாம், தண்ணீர் காலையில் மட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், இரவு இலையில் பனி, அதன் மேல் நீங்கள் பின்னேரம் ஊற்றிய தண்ணீர், இரண்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து.

விதை வாங்கும்போது பக்கெற்றின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். விவசாயத் திணைக்கள விதை கிடைத்தால் நல்லது. கத்தரியில் திருநெல்வேலி ஊதா எங்கள் மண்ணுக்கென்றே வந்த இனம், வெண்டியில் எம்.ஐ. 5 அல்லது ஹரித. முதலில் கீரை, வெண்டி, பயிற்றை மூன்றும் நேரே விதையுங்கள். கத்தரியும் மிளகாயும் நாற்றுமேடையில் வளரட்டும். தக்காளியை விட்டுவிட மாட்டீர்கள் என்று தெரியும், சரி, பத்துக் கன்று.

யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். கிணறு பின்வளவில்தானே, நீங்கள் குடிப்பதும் அதில்தானே? பயிர் எடுக்காமல் விட்டது தண்ணீரோடு கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது எப்போதோ தாண்டிவிட்டது. அதற்கு என்னைப் போன்ற ஆட்களும் காரணம், நாற்பது வருடம் சாக்குச் சாக்காகக் கொட்டியவன் நான்.

கடைசியாக வல்லாரை. வேண்டாம். ஐந்து நாள் முழங்கால் தண்ணீர் என்றால் மலசலகூடக் குழியும் அதில் கலந்திருக்கும், உங்கள் வீட்டுக் குழி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் குழி. வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுகிற சாமான். இப்போது நிற்பதை அடியோடு அரிந்து எறிந்துவிட்டு, புதிதாகத் தளிர்ப்பதை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். கிணற்றுக்குக் குளோரீன் போட்டீர்களா? இல்லாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அளவாகப் போடுங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

---

பின்வளவு | 10 ஜனவரி 2025

ஐயா, கசக்கி மணந்து பார்த்தேன். கரட் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இரவுச் சாப்பாடு முழுக்க அதே கதைதான்.

கோப்பையில் ஓட்டை போடவில்லை. வளவு மண்தான் போட்டேன். கிணற்றில் கோடு போட்டாயிற்று, தண்ணீர் இப்போது நிலமட்டத்திலிருந்து இரண்டு சாண் கீழே. வல்லாரையை நேற்றே சம்பல் போட்டுச் சாப்பிட்டுவிட்டோம் என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். இதுவரைக்கும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

---

ஸ்காபரோ குளிர் | 18 பெப்ரவரி 2025

அக்கா, இதை வாசிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே கனடாவில் என் பின்வளவில் இன்றைக்கு வேலி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு பனி. காரை வெளியே எடுக்க ஒன்றரை மணித்தியாலம் சவளால் அள்ளினேன்.

ஐயா சொன்ன பிடிமண் சோதனை இங்கேயும் அப்படியே. பனி உருகினதும் ஏப்ரலில் நிலம் களியாகத்தான் கிடக்கும். வெயிலைக் கண்டு ஆசைப்பட்டுக் கொத்தினால் உங்களுக்கு வந்த அதே செங்கல்தான். நான் வந்த இரண்டாம் வருடம் ஏப்ரலில் ஒரு சனி ஞாயிறு நல்ல சூடு, சேட்டைக் கழற்றிவிட்டு நிற்கலாம் போல இருந்தது. வீட்டுக்குள் வளர்த்த பதினாலு தக்காளிக் கன்றையும் வெளியே நட்டேன். புதன் இரவு உறைபனி. வியாழன் காலையில் பதினாலும் அவித்த கீரை மாதிரிக் கறுத்து மடிந்து கிடந்தன. இப்போது விக்டோரியா டே நீண்ட வாரவிடுமுறை, அதாவது மே 25-க்கு முந்திய திங்கள், வராமல் ஒன்றையும் வெளியே நடுவதில்லை. மார்ச்சில் நிலவறையில் குழாய் விளக்குக்குக் கீழே விதை போடுவேன். மே தொடங்க, முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று கன்றுகளை வெளியே தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே தூக்குவேன். மனிசி சொல்லுவா, பிள்ளைகளை நேர்சரிக்குக் கொண்டுபோய்ப் பழக்கினபோதுகூட நான் இவ்வளவு பாடுபடவில்லையாம்.

பனிக்குக் கீழே இப்போது என் உள்ளி (வெள்ளைப்பூடு) மட்டும் இருக்கிறது. ஐப்பசியில் ஊன்றியது, பனி உருகினதும் அதுதான் முதலில் பச்சை காட்டும். சரி, உங்கள் வெண்டி என்ன மாதிரி? படம் இருந்தால் போடுங்கள், வயிறெரியட்டும்.

---

பின்வளவு | 13 மார்ச் 2025

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். எழுத நேரமில்லை என்பது ஒரு காரணம், எழுதினால் கண்பட்டுவிடும் என்று பயந்தது இன்னொரு காரணம்.

கிணற்றுத் தண்ணீர் ஜனவரி 22-இல் ஒரு மீற்றர்க் கோட்டைத் தொட்டது. அடுத்த நாள் பிடி மண் உதிர்ந்தது. அன்றைக்கே அந்தக் கூலிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். வந்ததும் குனிந்து ஒரு பிடி மண்ணை அவரே எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கொத்தத் தொடங்கினார். மண்வெட்டியில் ஒட்டவில்லை. இருவரும் மதியத்துக்குள் கால் பரப்பை முடித்துவிட்டோம். குழை முன்பே தாழ்த்தாயிற்று, வேலிப் பூவரசு இப்போது மொட்டையாக நிற்கிறது.

வெண்டி ஐந்தாம் நாள் முளைத்தது. கீரையை மாசியில் இரண்டு தரம் பிடுங்கிவிட்டேன். கத்தரிக் கன்று போன கிழமைதான் பாத்திக்கு மாறியது. பத்துத் தக்காளியில் ஏழு நிற்கிறது, ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கக் குட்டிக் குட்டி முடிச்சு. நூற்புழு என்று சொன்னார்கள். ஐயா, அந்த இடத்தில் அடுத்த முறை வெங்காயம் வைக்கட்டுமா?

நத்தையைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! முளைத்த பயிற்றையை இரண்டு இரவில் தண்டு மட்டும் விட்டுவிட்டுத் தின்று முடித்தன. இரவு ஒன்பது மணிக்கு ரோர்ச்சும் வாளியும் கொண்டு போனேன். முதல் நாள் அறுபத்துமூன்று. உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, அந்தத் தண்ணீரை வளவில் ஊற்றாமல் ரோட்டோரக் கானுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். இப்போது ஒரு இரவுக்கு ஐந்தாறு. பயிற்றை இரண்டாம் தரம் போட்டது கொடி எடுக்கிறது.

நேற்று முதல் வெண்டிக்காய். ஆறு. ஆறையும் பால்விட்டுக் கறி வைத்தேன். ஆளுக்கு ஒன்றரைக் காய்தான் வந்தது.

இன்னொரு விசயம். பார்த்தீனியம் பிடுங்கிய இடத்தில், கிணற்றடி வேலியில், நானும் விதைக்காத ஒரு பாகல் கொடி ஏறியிருக்கிறது. காய் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்கு மேல் வளரவில்லை, ஆனால் உள்ளே விதை முற்றியிருக்கிறது. அம்மா போட்டதா, வழுக்கியாறு கொண்டுவந்ததா தெரியாது. இந்த முறை தண்ணீர் ஊற்ற முந்திக் கேட்கிறேன்: இது என்ன?

---

உரும்பிராய்க் கிழவன் | 13 மார்ச் 2025

குருவித்தலைப் பாகல் போலக் கிடக்கு. ஊற்றுங்கள் பிள்ளை, ஊற்றுங்கள். இரண்டு காயைப் பறிக்காமல் கொடியிலேயே பழுக்க விடுங்கள், குருவி கொத்த முந்தி துணி கட்டுங்கள். எனக்குப் பத்து விதை வேண்டும், எங்கள் வீட்டில் அது அழிந்து பல வருடம். தக்காளி இடத்தில் வெங்காயம் சரி, நூற்புழுவுக்காக வரம்பு ஓரமாகத் துலுக்கச் செவ்வந்தியும் (செண்டுமல்லி) ஊன்றிவிடுங்கள். வெண்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், விட்டால் முற்றி விறகாகும்.